ஈஸ்ட்டைக் குளிப்பாட்டும் கனவான்களே!

மக்களே, இது வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கான பதிவு. அதிலும் ஒரு குறிப்பிட்ட கோஷ்டிக்கு. (அமெரிக்காவில் 1978-ல் கார்ட்டர் கையெழுத்துப் போட்டு அனுமதித்த பொழுதுபோக்கு இது. தமிழ்நாட்டுக்காரர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும், 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது :-))

பீரைப் பாட்டிலில் அடைத்தபிறகு வாளியின் அடியில் குழம்பாகத் தங்குகிறதே ஈஸ்ட், (நொதி என்று எழுதினால் 'அது என்சைம்' என்று தமிழார்வலர்கள் சண்டைக்கு வருவார்கள், ஈஸ்ட் என்றே இருக்கட்டும்) அதைப் பாதிப்பேர் சிங்க்கில் ஊற்றுகிறார்கள். அடுத்த தடவை திரும்பவும் பத்து டாலருக்கு மேல் அழுது புதுப் பை. மீதிப்பேர்தான் நம்ம கோஷ்டி. கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, குலுக்கி, தெளியவிட்டு, வேறு ஜாடிக்கு மாற்றி, மறுபடி தண்ணீர் ஊற்றி... கைக்குழந்தையைக்கூட ஒரே நாளில் இத்தனை தடவை குளிப்பாட்ட மாட்டோம். ஏன்யா என்றால் "சுத்தம்" என்கிறார்கள்.

என்ன சுத்தம்? பீரில் இருக்கிற ஆல்கஹால், புளிப்பு, ஹாப்ஸ் கசப்பு இந்த மூன்றும்தான் கண்ட கிருமியை அண்டவிடாமல் காவல் காக்கின்றன. காவல்காரனை அனுப்பிவிட்டு, ஈஸ்ட்டை வெறும் தண்ணீரில் பட்டினி போடுகிறீர்கள். ஜாடி மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் புதுக் கிருமிக்கு வாசல் திறக்கிறது. பெரிய ஆலைகள் கழுவுவதைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அது பாக்டீரியாவைக் கொல்ல அமிலத்தில் கழுவுவது. அது வேற டிபார்ட்மென்ட்.

அடிக்குழம்பை வைக்கணுமென்றால், மேலே கொஞ்சம் பீரோடு அப்படியே சுத்தமான ஜாடியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து ஜாடி வெடிக்கும்.

அதைவிட நல்ல வழி, ஸ்டார்ட்டரிலேயே எடுத்துவைப்பது. 2 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் மால்ட் பவுடர். பதினைந்து நிமிஷம் கொதி, 20 டிகிரிக்கு ஆறவை, ஈஸ்ட்டைப் போடு, வாயை ஃபாயிலால் தளர்வாக மூடு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு சுழற்று. ஒன்றிரண்டு நாளில் தயார். நன்றாகக் கலக்கி அரை லிட்டரை ஜாடிக்கு எடுத்துக்கொண்டு மீதியைப் பீருக்கு ஊற்று. அந்த அரை லிட்டர் ஈஸ்ட் ஹாப்ஸையும் பார்த்ததில்லை, அடிக்கசடையும் பார்த்ததில்லை. கழுவ என்ன இருக்கு? தோசைமாவில் நாளைக்கு ஒரு கரண்டி எடுத்துவைக்கிற அதே புத்திதான். உலர் ஈஸ்ட்காரர்களுக்கு ஸ்டார்ட்டரே தேவையில்லை, விடு ஜூட்.

"கம்பெனி ஈஸ்ட்டை நாமே பெருக்குவது திருட்டு இல்லையா?" என்று கேட்கிற உத்தமர்களுக்கு: 1883-ல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஹான்சன் தனி ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தபோது, அந்த ஆலை அதைப் பூட்டிவைக்கவில்லை. மற்ற ஆலைகளுக்கும் இலவசமாகவே கொடுத்தது.

நிஜமாகவே கோபம் வருவது இன்னொரு விஷயத்துக்கு. ஸ்டார்ட்டருக்கு மால்ட் கரைசலைக் கொதிக்கவைத்து, ஜாடியில் இறுக மூடி, மாசக்கணக்கில் அலமாரியில் அடுக்குகிறார்கள். பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாகாது. காற்றில்லாத ஜாடி, புளிப்புப் போதாத கரைசல், அதற்கு மாமியார் வீடு மாதிரி. அந்த நஞ்சு வாசனையிலும் தெரியாது, ஆளையே கொல்லும். இட்லிப்பானை ஆவியெல்லாம் பத்தாது. முறையான பிரஷர் கேனர் வேண்டும், இல்லாவிட்டால் அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். ஈஸ்ட்டைப் பத்து தடவை கழுவுகிற அதே ஆள்தான் இதையும் செய்கிறார்!

கழுவியே தீருவேன் என்பவர்கள் ஒரே ஒரு தடவை பாதிக் குழம்பைக் கழுவாமல் வையுங்கள். ஒரே கரைசலை இரண்டு வாளியில் பிரித்து இரண்டு ஈஸ்ட்டையும் போட்டு, குடித்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள். நான் இங்கேதான் இருப்பேன் :-)