எதிலிருந்து 74 சதவீதம்?

இணையக் கடைகளில் விலையைவிடப் பெரிய எழுத்தில் இருப்பது தள்ளுபடிச் சதவீதம். எம்.ஆர்.பி. 4,990 ரூபாயை அடித்துவிட்டு, கீழே 1,299 ரூபாய், 74% தள்ளுபடி என்று போட்ட புளூடூத் இயர்போன், ஆண்டு முழுவதும் அதே 1,299-க்கு விற்றுக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அதன் விலையே 1,299தான். தள்ளுபடி என்று ஒன்றும் கிடையாது. பொருளின் பக்கத்தில் இருக்கும் எண்களில் வாங்குபவருக்கு மிகக் குறைவாகப் பயன்படுவது இந்தச் சதவீதம்.

காரணம் எம்.ஆர்.பி.யின் பிறப்பிலேயே இருக்கிறது. பொட்டலப் பொருள்களில் எல்லா வரிகளும் சேர்த்த அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்ற ஏற்பாடு இந்தியாவில் 1990இல் வந்தது. கடைக்காரர் வரியைக் காரணம் காட்டிக் கூடுதலாக வாங்குவதைத் தடுப்பதே நோக்கம். அது ஓர் உச்சவரம்பு. அந்த வரம்பு எவ்வளவு என்பதை முடிவு செய்பவர் உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோதான். உச்சவரம்பைத் தாராளமாக உயர்த்தி வைத்துக்கொண்டால், எந்த விலைக்கு விற்றாலும் பெரிய தள்ளுபடி தானாகவே பிறந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஓட்டையை வேறு வழியில் அடைத்தது. 2022 மே 28 முதல், விலைக் குறைப்பை அறிவிக்கும் கடை, முந்தைய 30 நாளில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைச் சொல்லியாக வேண்டும். சதவீதத்தையும் அந்த விலையிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஆல்டி ஸூட் கடைத்தொடர் மீதான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இந்திய வாடிக்கையாளர் அந்த வேலையைத் தானே செய்துகொள்ளலாம். கீப்பா போன்ற விலை வரலாற்றுக் கருவிகள், ஒரு பொருள் சில மாதங்களாக என்ன விலைக்கு விற்றது என்பதை வரைபடமாகக் காட்டுகின்றன. பண்டிகை விற்பனைக்கு இரண்டு வாரம் முன்பு விலை ஏறி, விற்பனை நாளில் பழைய இடத்துக்கே இறங்கியிருந்தால் அந்தக் கோட்டில் அது பளிச்சென்று தெரியும். விலை இறங்கியதற்கு வேறு காரணமும் இருக்கலாம். 2025 செப்டம்பர் 22 அன்று ஏ.சி., 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி. ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி குறைந்த அளவு விலையும் குறைந்தால் அதுவே ஏறக்குறைய 8 சதவீதம். மறுநாளே பெரிய தளங்களின் பண்டிகை விற்பனையும் தொடங்கியதால், அரசு விட்டுக்கொடுத்தது எவ்வளவு, கடை விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

தவணையில் வரும் எண் இன்னும் நுட்பமானது. வட்டியே இல்லாத கடன் என்ற கருத்துக்கே இடமில்லை என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இன்று 'நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.' என்ற பெயரில் நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடுகிறது; அந்த வட்டித் தொகையைக் கடை முன்கூட்டியே விலையில் கழிக்கிறது. 30,000 ரூபாய் போனை கிரெடிட் கார்டில் 6 மாதத் தவணையில், ஆண்டுக்கு 16% வட்டியில் எடுத்தால் மாதம் 5,000 ரூபாய் என்று கணக்கு நேராக முடியும். அதற்குள் ஒளிந்திருக்கும் வட்டி சுமார் 1,350 ரூபாய். அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. சுமார் 243 ரூபாய். இதைக் கடை கழிப்பதில்லை. வங்கியின் செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்று வைத்தால், வரியோடு சுமார் 235. ஆக, செலவில்லாத் தவணைக்கு ஏறக்குறைய 480 ரூபாய் செலவு. இது பெரிய தொகை இல்லை. கையில் பணம் இல்லாதவருக்கு நியாயமான வட்டி என்றே சொல்லலாம். மொத்தமாகக் கட்டுபவருக்கு 1,500 ரூபாய் கார்டு சலுகை இருந்து, தவணைக்கு அது பொருந்தாது என்று அடிக்குறிப்பில் எழுதியிருந்தால்தான் கணக்கு தலைகீழாகிறது.

விலையிலிருந்து பொருளுக்கு வந்தாலும் எண்களின் விளையாட்டு ஓய்வதில்லை. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் பேட்டரியின் கொள்ளளவு, அது 3.7 வோல்ட்டில் அளந்தது. பெருக்கினால் 37 வாட்-மணி ஆற்றல். யு.எஸ்.பி. வழியாக வெளியே வருவதோ 5 வோல்ட். அதே ஆற்றலை 5 வோல்ட்டில் கணக்கிட்டால் 7,400 எம்.ஏ.எச்.தான் வரும். மாற்றும்போது வெப்பமாகப் போவதையும் கழித்தால் 6,000 சொச்சம். ஒழுங்கான நிறுவனங்கள் இதை 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிடுகின்றன. 5,000 எம்.ஏ.எச். போனை (அந்த எண்ணும் பேட்டரியின் வோல்ட்டில் அளந்ததே) இரண்டு முறை முழுதாக ஏற்றும் என்று நினைத்து வாங்கியவருக்கு ஒன்றரை முறையிலேயே அது தீர்ந்துபோவது இதனால்தான்; பொருளில் குறையில்லை. ஏமாற்று வேலை தனி ரகம். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் பொதுவாக 200 கிராமைத் தொட்டுவிடும். 20,000 என்று எழுதிவிட்டு அதைவிட லேசாக இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை எடையே சொல்லிவிடும். பவர் பேங்க், சார்ஜர், போன் எல்லாம் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. 'ஆர்' என்ற எழுத்துடன் தொடங்கும் பதிவெண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் யார் பெயரில், எந்தப் பொருளுக்காகப் பதிவானது என்பது வந்துவிடும்.

மற்றப் பொருள்களிலும் இதே கதை வேறு வேடத்தில் நடக்கிறது. ஒரு காலத்தில் ஸ்டீரியோ பெட்டிகளில் ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று மிரட்டினார்கள், கேட்கும் ஒலிக்குப் பொருத்தமான அளவு ஆர்.எம்.எஸ். வாட். இன்றைய போன்களில் '16 ஜி.பி. வரை ரேம்' என்பது பல சமயம் 8+8; இரண்டாவது 8 சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 2 டி.பி. பென்டிரைவ், கணினிக்குப் பொய்யான கொள்ளளவைச் சொல்லும்படி திருத்தப்பட்டது. உண்மையான இடம் நிரம்பியதும் கோப்புகள் கெட ஆரம்பிக்கும்.

போனின் ஆயுளைப் பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்பதை வைத்துக் கணக்கிடுவது உத்தமம். 2023இல் வந்த பிக்சல் 8, 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் 7 ஆண்டு அப்டேட் என்று அந்நிறுவனங்கள் அறிவித்தன. விலை குறைந்த போன்கள் பலவற்றுக்கு அதில் பாதிகூட இல்லை. இரண்டு ஆண்டு அப்டேட் உள்ள 15,000 ரூபாய் போனுக்கு ஆண்டுச் செலவு 7,500. ஆறு ஆண்டு உள்ள 24,000 ரூபாய் போனுக்கு 4,000. வங்கிச் செயலிகளும் யு.பி.ஐ.யும் போனிலேயே குடியிருக்கும்போது அப்டேட் நின்ற போனை இழுத்துப்பிடித்து ஓட்டுவது சிக்கனமாகாது.

ஏ.சி.யில் இந்தக் கணக்கு எதிர்ப்பக்கமும் சாயலாம். நட்சத்திர முத்திரையில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்செலவு, 1,600 மணி நேர ஓட்டத்தை வைத்துக் கணக்கிட்டது. அதாவது இரவுக்கு 8 மணி நேரம், 200 இரவு. மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்துக்கும் முத்திரைப்படி 200 யூனிட் வித்தியாசம், யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 1,600 ரூபாய் மிச்சம். விலை வித்தியாசம் 8,000 என்றால் அது திரும்பி வர 5 ஆண்டு. சித்திரை, வைகாசியில் மட்டும் ஏ.சி. போடும் வீட்டில் ஐந்து நட்சத்திரம் வீண் செலவு. சென்னையில் வருடம் முழுக்க ஓட்டும் வீட்டில் லாபம். தமிழ்நாட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவதால், மிச்சமாகும் யூனிட்டுகள் விலை உயர்ந்த மேல் அடுக்கிலிருந்தே கழிவது கூடுதல் நன்மை. நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. அதனால் முத்திரையில் உள்ள காலத்தைப் பார்க்காமல் நட்சத்திரத்தை மட்டும் எண்ணினால், பழைய சரக்கின் ஐந்தும் புதிய சரக்கின் நான்கும் ஒன்றாகவே இருக்கலாம். இணைய விலையில் சேராதவை வேறு: கூடுதல் காப்பர் பைப்புக்கு அடிக்கணக்கில் காசு, வெளி யூனிட்டுக்கு ஸ்டாண்ட், சுவரில் துளை. ஊர்க்கடையில் பேரம் பேசினால் இவற்றில் பாதி விலையிலேயே அடங்கிவிடுவதும் உண்டு.

வாடிக்கையாளர் மதிப்பீட்டு நட்சத்திரங்களில் சராசரியைவிட இரண்டு, மூன்று நட்சத்திரக் கருத்துகளில்தான் தகவல் இருக்கும். வேறொரு பொருளுக்கு வந்த பாராட்டுகள் அதே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதும் நடக்கிறது. மிக்சியின் பக்கத்தில் சட்டையின் தையலைப் புகழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்தை நம்ப வேண்டியதில்லை. இணைய மதிப்புரைகளுக்காக பி.ஐ.எஸ். 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது; ஆனால் அதைத் தளங்கள் விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்ற அளவில் விட்டது. அவசரப்படுத்தும் பொய்யான 'இன்னும் 2 மட்டுமே', கேட்காமலே கூடையில் சேரும் காப்பீடு, கடைசித் திரையில் முளைக்கும் கட்டணம் போன்ற 13 தந்திரங்களைத் தடை செய்யும் வழிகாட்டுதல் 2023 நவம்பர் 30 அன்று வெளியானது.

பொருளை விற்பவர் தளம் அல்ல, தளத்தில் இடம் பிடித்த விற்பனையாளர். அந்நிய முதலீடு பெற்ற சந்தைத் தளங்கள் தாங்களே சரக்கு வைத்து விற்க விதி இடம் தருவதில்லை. ஆகவே விற்பனையாளரின் பெயரும், வாரண்டி தருவது அவரா உற்பத்தியாளரா என்பதும் 500 ரூபாய் வித்தியாசத்தைவிட முக்கியம். ராமநாதபுரத்தில் இருப்பவருக்கு அருகிலுள்ள சர்வீஸ் சென்டர் மதுரையில்தான் என்றால், அந்தப் போக்குவரத்தும் விலையில் சேரும். 'ரீப்ளேஸ்மென்ட் மட்டும்' என்று போட்டிருந்தால் பணம் திரும்ப வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. போன் வந்ததும் *#06# போட்டு வரும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைப் பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிட்டு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் சரிபார்த்துக்கொள்ளலாம். திருடப்பட்டதாகப் புகாரான போனும் பல போலிகளும் அங்கே தெரிந்துவிடும்.

தகராறு வந்தால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்தது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் வாங்கியவர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த வசதி. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. விற்பனைப் பக்கத்து வாசகங்கள் மறுநாளே மாறக்கூடும் என்பதால், ஆர்டர் போட்ட அன்றே எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் இன்வாய்சும் கையில் இருந்தால் அந்த மனுவுக்கு வலு கூடும்.