மூன்று இருந்தால்தான் ‘பெஸ்ட்’!



பிள்ளைகளின் இங்கிலீஷ் பாடத்தில் ‘சூப்பர்லேட்டிவ்’ என்று ஒன்று வருகிறது. பெரிசு, அதைவிடப் பெரிசு, எல்லாத்தையும்விடப் பெரிசு என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் பிக், பிக்கர், பிக்கஸ்ட் என்கிறார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் என்னை மாதிரி தமிழ் மீடியத்தில் படித்து, பத்தாவதோடு நின்ற அம்மாக்கள் நிறையப் பேர். பிள்ளைக்குச் சொல்லித் தரும் சாக்கில் நாமும் இதைப் பேசிப் பழகலாம். பேங்கிலும் ஸ்கூல் மீட்டிங்கிலும் வாயடைத்து நிற்க வேண்டாம் பாருங்கள்.

இதில் பயப்பட ஒன்றும் இல்லை. தமிழில் ‘லேயே’ சேர்த்தால் முடிந்தது: ‘தெருவிலேயே உயரமான வீடு.’ இங்கிலீஷில் சின்ன வார்த்தையாக இருந்தால் கடைசியில் ‘எஸ்ட்’: டால், டாலஸ்ட், பிஸி, பிஸியஸ்ட். ரிலாக்ஸிங், பியூட்டிஃபுல் மாதிரி நீள வார்த்தைக்கு முன்னால் ‘மோஸ்ட்’. குட் மாதிரி சில வார்த்தைகளுக்குத் தனி வழி: குட், பெட்டர், பெஸ்ட். ‘மோஸ்ட் பெஸ்ட்’ என்று இரண்டையும் சேர்க்கக் கூடாது. பொதுவாக முன்னால் ஒரு ‘தி’ போட வேண்டும். இடத்தைச் சொன்னால் ‘இன்’, இத்தனை பேரில் என்றால் ‘ஆஃப்’. அவ்வளவுதான் இலக்கணம்.

உதாரணத்துக்கு லண்டன் வரை போக வேண்டாம். நம்ம ராயபுரம் ரயில் நிலையமே இருக்கிறது. 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இன்றும் நிற்கிற ஸ்டேஷன் கட்டிடங்களில் நாட்டிலேயே பழையது இதுதான். ‘தி ஓல்டஸ்ட் இன் இண்டியா!’ பிள்ளையைக் கூட்டிப் போய்க் காட்டிச் சொல்லிக் கொடுத்தால் ஜென்மத்துக்கும் மறக்காது.

நான் எழுத வந்த விஷயம் இனிமேல்தான். இந்தப் பாடத்துப் பயிற்சியில் கேள்விகள் பெரும்பாலும் ஓய்வு நேரம் பற்றித்தான் இருக்கும். உனக்கு ‘தி மோஸ்ட் ரிலாக்ஸிங்’ இடம் எது? லீவில் ‘தி பெஸ்ட் டே’ எது? பிள்ளைகள் கடகடவென்று சொல்லிவிடும். இதே கேள்வியை எங்கள் காம்பவுண்டில் நாலு பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தர், ‘கரண்ட் போனால்தான் எனக்கு ரெஸ்ட், மிக்ஸியும் ஓடாது, மோட்டாரும் ஓடாது’ என்றார். ஒருத்தர் தூக்கம் என்றார். ஒருத்தர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் சொல்லவில்லை. நாலாவது அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘ஆபரேஷன் பண்ணி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மூணு நாள்.’

எல்லோரும் சிரித்தோம். ஆனால் ராத்திரி எனக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை.

சூப்பர்லேட்டிவுக்கு ஒரு விதி சொல்வார்கள். இரண்டு பொருளை ஒப்பிட ‘பெட்டர்’ போதும். ‘பெஸ்ட்’ என்று சொல்லக் குறைந்தது மூன்று வேண்டும். கடை, காசு, சாமான் எல்லாவற்றிலும் நமக்கு மூன்று கிடைக்கிறது. ஓய்வு நேரத்தில் மட்டும் மூன்று கிடைப்பதில்லை. அதனால்தான் பதில் வரவில்லை. நமக்கு இங்கிலீஷ் தெரியாததால் இல்லை.

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள். வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களே 88 நிமிடம்தான். பிள்ளை, பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு. அதிலும் பெண்களுக்கு 137, ஆண்களுக்கு 75. நம் பக்கத்து ஆண்கள் ஹார்பரிலும் கம்பெனியிலும் ஷிப்ட் பார்த்துக் களைத்து வருகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதி முடிவு உண்டு. நைட் ஷிப்ட்டுக்கு டிபன் கட்டுகிறவளுக்கு எந்தச் சங்கும் இல்லை.

‘அதான் மத்தியானம் சீரியல் பார்க்கிறீங்களே’ என்பார்கள். கையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டு, ஒரு காதைக் குக்கர் விசிலுக்குக் கொடுத்துப் பார்ப்பது ஓய்வா?

இடத்துக்கும் நமக்குப் பஞ்சமில்லை. 1949-ல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா இங்கேதான். திருவொற்றியூரில் வடிவுடையம்மன் சந்நிதி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. அதே வருஷம் மே மாதம், சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று அரசு அறிவித்தது. அந்த பஸ்ஸில் எத்தனை தடவை வேலையோ, மார்க்கெட்டோ, ஆஸ்பத்திரியோ இல்லாமல், சும்மா போகலாம் என்று ஏறியிருக்கிறோம்?

ஆகவே சகோதரிகளே, என் யோசனை இது. வாரம் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் குடும்பமாக உட்காருங்கள். அந்த வாரம் மனசுக்கு இதமாக இருந்த மூன்று பொழுதை ஒவ்வொருவரும் சொல்லட்டும். பிறகு எது ‘தி பெஸ்ட்’, எது ‘தி மோஸ்ட் ரிலாக்ஸிங்’ என்று இங்கிலீஷில் சொல்லட்டும். தப்பு வந்தால் பிள்ளை திருத்தட்டும். அம்மா முறை வரும்போது மூன்று இல்லை என்றால், ‘பரவாயில்லை’ என்று தாண்டிப் போக விடாதீர்கள். அடுத்த வாரம் அந்த மூன்றுக்கு யார் பாத்திரம் தேய்ப்பது, யார் தண்ணீர் பிடிப்பது, யார் துணி மடிப்பது என்று அங்கேயே முடிவாகட்டும். மகன்களுக்கும் பங்கு வேண்டும். அவர்களுக்கு இது பரீட்சையில் வராத பாடம், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு கட்டாயம் வரும்.

‘மை மதர் இஸ் தி பெஸ்ட்’ என்று பிள்ளை நோட்டில் எழுதினால் சந்தோஷம்தான். அதோடு கூட, அந்த அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நல்ல பொழுதையும் ஒதுக்கித் தரட்டும்.

- இல்லத்தரசி, திருவொற்றியூர்.