நீருக்கு ஒரு காவலாளி

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகிவிடாது. கதிரியக்க உலோகம் சிறிதளவு கலந்தாலும் நீரின் நிறமும் மணமும் மாறுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத இந்த ஆபத்தை விரைவில் உணர்த்தும் எளிய கருவிகளை உருவாக்க அரசாங்கங்கள் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஹான்ஃபோர்டை எண்ணிப் பாருங்கள். 1940களில் அங்கு அணுகுண்டுக்கான புளுட்டோனியத்தைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். அதனால் உண்டான கதிரியக்கக் கழிவு நிலத்தடியில் 177 தொட்டிகளில் சேமிக்கப்பட்டது. அவற்றுள் சில கசிந்துள்ளன. நிலத்தடி நீரும் மாசடைந்துள்ளது. அருகிலேயே கொலம்பியா ஆறு ஓடுகிறது.

இத்தகைய இடங்களில் நீரை ஓயாமல் சோதிக்க வேண்டும். ஆனால், மிகச் சிறிய அளவு உலோகத்தைக் கண்டறிய நீரை ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டியுள்ளது. அதற்குச் செலவும் அதிகம், காலமும் பிடிக்கும்.

இதற்கு இயற்கையே ஒரு வழியைக் காட்டியுள்ளது. இலைகளின்மேல் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவில் ‘லான்மோடுலின்’ எனும் புரதம் இருப்பதைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் அறிவித்தனர். இது அரிய மண் உலோகங்களை இறுகப் பற்றிக்கொள்கிறது. கதிரியக்க உலோகமான அமெரிசியத்தையும் பற்றும் என்பது பின்னர் தெரியவந்தது. உலோகத்தைப் பற்றியதும் இப்புரதத்தின் வடிவம் மாறுகிறது. இதனுடன் ஒளிரும் புரதங்களை இணைத்தால், வடிவம் மாறும்போது ஒளியும் மாறும். அந்த ஒளியே நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

“இது தவறாக எச்சரிக்காதா?” எனச் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கதிரியக்கமற்ற அரிய மண் உலோகங்களுக்கும் ஒளி மாறும் என்பதால், ஆய்வகத்தில் மீண்டும் சோதிப்பது அவசியம். ஆனால், சமையல் புகைக்கும் ஒலி எழுப்புகிறது என்பதற்காகத் தீ எச்சரிக்கைக் கருவியை யாரும் கழற்றி எறிவதில்லையே! எந்த நீரை முதலில் ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டும் என்று காட்டினாலே பெரும் உதவிதான்.

ஹான்ஃபோர்டு கழிவில் உள்ள அமெரிசியம் 241 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 432 ஆண்டுகள் ஆகும். கழிவை உண்டாக்கியவர்கள் மறைந்தாலும் ஆபத்து மறையாது. ஆகவே, ஆய்வு நிலையில் உள்ள இத்தகைய கருவிகளை ஆற்றங்கரைக்கும் கிணற்றடிக்கும் கொண்டு சேர்ப்போம். வெள்ளம் வருமுன் அணை போடுவதுதானே அறிவுடைமை?