சித்திரப் படத்தின் முதல் நான்கு நிமிடங்கள்

"சித்திரப் படம் பார்த்தே பிள்ளைகள் பொழுதை வீணாக்குகின்றனர்" எனப் பெற்றோர் சிலர் நம்மிடம் முறையிடுவதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் குறை படத்தில் உள்ளதா, பார்க்கும் முறையில் உள்ளதா என ஆராய்தல் வேண்டும். படம் தொடங்கும்பொழுது நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கதாபாத்திரங்கள் வாய் திறந்த பின்னரே திரையை நோக்குகிறோம். அதற்குள் படத்தின் உயிர்ப்பகுதி கடந்துவிடுகிறது என்பதே எமது கருத்து.

1994ஆம் ஆண்டு வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் வெளியிட்ட 'தி லயன் கிங்' படத்தை எடுத்துக்கொள்வோம். இருண்ட திரையில் செங்கதிர் எழுகிறது. உடன் தனியொரு குரல் ஓங்கி ஒலிக்கிறது. குரல் தென்னாப்பிரிக்கரான லெபோ எம் என்பாருடையது, மொழி ஜூலு. அம்மொழி நமக்குத் தெரியாது. அமெரிக்கப் பிள்ளைகளுக்குந்தான் தெரியாது! எனினும் யாரோ அழைக்கிறார், பெருஞ்செய்தி ஒன்று வந்திருக்கிறது என்பது எல்லார்க்கும் விளங்குகிறது. பனிமூட்டம் விலகி ஒளி பரவப் பரவ, தனிக்குரல் பல குரலாகிறது. முதிய குரங்கு சிங்கக் குட்டியைப் பாறை உச்சியில் தூக்கிக் காட்டும்பொழுது மேகம் பிளந்து ஒளிக்கற்றை அதன்மீது விழுகிறது. விலங்குகள் தலை வணங்குகின்றன. இதுவரை ஒருவரும் உரையாடவில்லை. பின்னர் ஒரு முழக்கம், திரை இருள்கிறது. அடுத்த காட்சி மங்கிய குகை. அங்கிருக்கும் மன்னனின் தம்பி தீயவன் என எவரும் சொல்லாமலே நாம் ஐயுறுகிறோம்.

நடிகரைக் கொண்டு எடுக்கும் படத்திற்குக் கதிரவன் தானே வந்து ஒளி தருவான். சித்திரப் படத்திலோ அவனையும் ஒருவர் வரைந்தாக வேண்டும். ஆகவே அங்கு விழும் ஒவ்வோர் ஒளியும் எண்ணி இடப்பட்டதே.

இது நமக்குப் புதிதன்று. காத்திருத்தலைப் பாடும் முல்லைக்கு மாலைப் பொழுதையும், பிரிவைப் பாடும் பாலைக்கு வெயில் காயும் நண்பகலையும் வகுத்தவர் நம் முன்னோர். பறையையும் யாழையும் நிலத்தின் கருப்பொருள்களுள் சேர்த்தது தொல்காப்பியம்.

பெற்றோர் இருளில் பெரட்டுக்குப் புறப்படுவதைக் காணும் நம் மாணவர், விடியலின் நிறங்களை நன்கறிவர். ஆனால் அவர்தம் ஓவியத்தில் கதிரவன் என்றும் இரு மலைகளுக்கிடையே மஞ்சளாகவே எழுகிறான். கிள்ளான் வட்டாரத் தோட்டத்தில் மலை ஏது?

நம் நாட்டின் முதல் சித்திரக் குறும்படமாகிய 'ஹிகாயாத் சாங் கஞ்சில்' 1983இல் ஒளியேறியது. பிலிம் நெகாராவுக்காக அதனை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். அத்தகையோர் இனியும் தோன்ற வேண்டுமெனில், காட்சிக்கலைக்கும் இசைக்கும் உரிய பாடவேளையைக் கணிதத்திற்குத் தருமாறு கேட்பதைப் பெற்றோர் நிறுத்த வேண்டும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னும் இக்கோரிக்கை ஓயவில்லை. நகரத்துப் பிள்ளைக்கு பிரிக்பீல்ட்ஸில் நுண்கலை வகுப்புகள் உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு அப்பாடவேளையை விட்டால் வேறில்லை.

அடுத்த பெற்றோர் நாளன்று அந்நான்கு நிமிடக் காட்சியைப் பள்ளி மண்டபத்தில் மும்முறை திரையிடுவோம்: முதலில் ஒலியின்றி, பின்னர்க் கண்களை மூடிக் கேட்பதற்காக, மூன்றாம் முறை இரண்டும் சேர. தோட்டப் பெருமக்கள் அனைவரும் வரலாம். கைப்பேசியை மட்டும் வாயிலில் வைத்துவிட்டு வருக.