கை வேலையில் இருக்கும்போது காதுக்கு எது?

ஆண்டு முடியும் நேரத்தில் பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. படித்ததில் பிடித்த புத்தகம், பார்த்ததில் பிடித்த படம் வரிசையில் இப்போது கேட்டதில் பிடித்த பாட்காஸ்டும் சேர்ந்துகொண்டது. அப்படியொரு பட்டியலைத் திண்டுக்கல் நாகல் நகரில் நீட்டினால், "பாட்காஸ்ட்னா யூடியூப்தானங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனால் பட்டியல் தாளிலேயே தங்கிவிடும்.

யூடியூப் ஒரு நிறுவனத்தின் இடம். பாட்காஸ்ட் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத ஓர் ஏற்பாடு. ஒருவர் பேசிப் பதிவு செய்த ஒலிக்கோப்பை இணையத்தில் ஒரு முகவரியில் வைக்கிறார். புதிதாக ஒன்று வைத்ததும் அந்தச் செய்தி கேட்பவரின் கைபேசிச் செயலிக்குத் தானாகப் போய்ச் சேருகிறது. இந்தத் தொழில்நுட்பத்தை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான டேவ் வைனர். 2005-இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸில் பாட்காஸ்டுகளுக்கு இடம் கொடுத்த பிறகு அது உலகெங்கும் பரவியது. எவருக்கும் சொந்தமில்லை என்பதன் பலன் 2024-இல் தெரிந்தது. கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை அந்த ஆண்டு மூடிவிட்டது. செயலி போனதே தவிர, நிகழ்ச்சிகள் போகவில்லை. வேறொரு செயலியில் பெயரைத் தேடியவர்களுக்கு அதே நிகழ்ச்சி, அதே பழைய பகுதிகளோடு கிடைத்தது. ஆண்ட்ராய்டு கைபேசியில் ஆன்டெனாபாட் என்ற இலவசச் செயலி இருக்கிறது. அதற்குக் கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். முதன்முதலாகக் கேட்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

இன்னொரு வேறுபாடு பணம் சம்பந்தப்பட்டது. பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் தரமே போதும். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரப் பேச்சுக்கு 29 எம்பிக்கும் குறைவாகவே செலவாகும். அதன் இரு மடங்கு தரத்தில் பதிவு செய்திருந்தாலும் 58 எம்பிக்குள் முடிந்துவிடும். அதே ஒரு மணி நேரம் படமாக ஓடினால் பல மடங்கு டேட்டா போய்விடும். பாட்காஸ்ட் செயலியில் திரையை அணைத்த பிறகும் குரல் நிற்காது. காலையில் வீட்டு வைஃபையிலோ, நள்ளிரவில் மீந்திருக்கும் டேட்டாவிலோ இறக்கி வைத்துக்கொண்டால் பகல் முழுக்க இணையமே வேண்டாம்.

திரையை அணைத்தும் கேட்கலாம் என்பது நாகல் நகருக்கு ஏன் முக்கியம்? அங்கே தலைமுறை தலைமுறையாக நெசவு செய்துவந்த சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைய. பக்கத்திலேயே கைத்தறிச் சேலைக்குப் பெயர்போன சின்னாளபட்டி. நகரின் மற்ற பகுதிகளில் பூட்டுப் பட்டறை, தோல் பதனிடும் தொழில். எல்லாமே கையும் கண்ணும் மாட்டிக்கொண்டிருக்கும் வேலைகள். கால் மிதியில், கை நாடாவில், கண் பாவில். காதுக்கு மட்டும் வேலை இல்லை. அந்தக் காது இத்தனை காலமும் சும்மா இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியில் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் வீட்டு மனிதர்களின் குரலாகவே ஆகிவிட்டிருந்தது. பிறகு நம் மாவட்டத்து மலையிலிருந்தே ஒலித்தது கோடை பண்பலை, 100.5. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. குறுக்கே மேடோ மலையோ வந்தால் நின்றுவிடும். கோபுரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் எட்டும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் நிற்பதால்தான் திண்டுக்கல் சமவெளியும் மதுரையும் தேனியும் அதற்கப்பாலும் ஒரே நிலையத்தைத் தெளிவாகக் கேட்க முடிந்தது.

வானொலி நேரத்தோடு ஓடிவிடும். பாவு பிணைக்கும்போது தவறவிட்ட நிகழ்ச்சி தவறியதுதான். பாட்காஸ்ட் காத்திருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பெரிய வேறுபாடு இது என்று நினைக்கிறேன். இதிலிருந்துதான் என் பரிந்துரையின் முறையும் வருகிறது. எது சிறந்தது என்று தரவரிசை போடுவதால் பயனில்லை. எந்த வேலையின்போது எதைக் கேட்பது என்று சொன்னால்தான் பயன். கவனம் முழுவதையும் பிடுங்கிக்கொள்ளும் நிகழ்ச்சி தறிக்கு உதவாது. பாதி கவனத்தோடு கேட்கிற நிகழ்ச்சி இரவு நிம்மதியாக உட்கார்ந்து கேட்கும் நேரத்துக்குப் போதாது.

தறி சீராக ஓடும் நீண்ட பொழுதுகளுக்கும் தார் சுற்றும் நேரத்துக்கும் நான் முதலில் சொல்வது 'கதை ஓசை'. தீபிகா அருண் தமிழ் நாவல்களையும் கதைகளையும் வாசித்து வெளியிடும் பாட்காஸ்ட் இது. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் இதில் உண்டு. 'சிவகாமியின் சபதம்', 'பார்த்திபன் கனவு' இரண்டும் உண்டு. அவர் வாசிப்பில் எனக்குப் பிடித்தது அடக்கம். பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாறுகிறது, ஆனால் அது நாடகமாகிவிடுவதில்லை. வந்தியத்தேவன் பேசுகிறானா, ஆழ்வார்க்கடியான் பேசுகிறானா என்று கேட்பவருக்குத் தெரிகிறது. அந்த அளவோடு அவர் நிறுத்திக்கொள்கிறார்.

இந்த நாவல்களை எழுதிய கல்கி காதுக்கு இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் உண்டு. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. வாரம் ஒருமுறை படிக்கிற வாசகர் முன்கதையை மறந்திருப்பார் என்று தெரிந்தே எழுதியவர் கல்கி. ஆகவே யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை அடிக்கடி நினைவூட்டுகிறார், அத்தியாயத்தைச் சிறிதாக வைத்துக்கொள்கிறார், முடிவில் ஒரு முடிச்சைப் போடுகிறார். நூல் அறுந்து, எழுந்து முடிச்சுப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாலும் கதை கையை விட்டுப் போவதில்லை. சிறுகதை எழுத்தாளர் மௌனியின் கதையை இப்படிக் கேட்க முடியாது. அவருடைய வாக்கியத்துக்குக் கண் ஒருமுறை திரும்பிப் போய் வர வேண்டும். அது மௌனியின் குறையில்லை. ஒலியில் கேட்க ஏற்றவை, கண்ணால் படிக்க வேண்டியவை என்று எழுத்து இரண்டு வகையாகப் பிரிகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். திரும்பிய பக்கமெல்லாம் பொன்னியின் செல்வன் ஒலிநூலாகக் கிடைக்கிறது, பிடித்த வேறு எழுத்தாளர்கள் கிடைக்கவில்லையே, ஏன்? கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது. தவிர, இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை தீர்ந்துவிடும். 1954-இல் மறைந்த கல்கிக்கு அந்தக் காலமும் 2014 முடிவோடு கடந்துவிட்டது. எனவே யாரும் அனுமதி கேட்காமல் வாசித்து வெளியிடலாம். வாழும் எழுத்தாளரின் நாவலுக்கு அவருடைய அனுமதி வேண்டும், பெரும்பாலும் பணமும் தர வேண்டும். அனுமதியில்லாமல் முழு நாவலையும் படித்து ஏற்றியிருக்கும் பதிவுகள் இணையத்தில் ஏராளம். அவற்றைக் கேட்காதீர்கள் என்று வற்புறுத்தியே சொல்கிறேன். ஒரு சேலைக்கு எத்தனை நாள் உழைப்பு என்று தெரிந்த ஊர், ஒரு நாவலுக்கு எத்தனை ஆண்டு உழைப்பு என்பதையும் எளிதாகப் புரிந்துகொள்ளும்.

செய்திக்கு வருவோம். காலையில் கடை திறந்து பெருக்கும்போதும், மாலையில் ரவுண்டானா பக்கம் டீக்குப் போய்வரும்போதும் கேட்க விகடனின் 'இம்பர்ஃபெக்ட் ஷோ' பொருத்தமாக இருக்கும். அன்றைய அரசியலைக் கேலியும் கோபமுமாகப் பேசுகிற நிகழ்ச்சி. நாளிதழைப் படித்துவிட்டு இதைக் கேட்பது நல்லது, நாளிதழுக்குப் பதிலாகக் கேட்கக் கூடாது. கருத்து எது, செய்தி எது என்று பிரித்துப் பார்க்கக் கேட்பவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். வண்டி ஓட்டும்போது எதுவும் வேண்டாம். தறியிலும் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். தறியின் ஓசை மாறினால் உடனே தெரிய வேண்டும். விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பட்டியலே பொருந்தாது. அந்த இரைச்சலை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டினால் காது இரட்டிப்பாகக் கெடும்.

வாரக் கடைசிக்கு எஸ்பிஎஸ் தமிழ். ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்பிஎஸ் 60-க்கும் மேற்பட்ட மொழிகளில் நிகழ்ச்சி தருகிறது, அதில் தமிழும் ஒன்று. அங்கே குடியேறியவர்களுக்கான சட்ட, மருத்துவ, வேலைத் தகவல்களோடு, நம் எழுத்தாளர்கள், கலைஞர்களுடனான நேர்காணல்களும் வருகின்றன. பிள்ளைகளை அந்த ஊருக்கு அனுப்பிவிட்டு இங்கே காத்திருக்கும் பெற்றோருக்கு அவர்கள் வாழும் நாட்டின் நடைமுறை தமிழிலேயே கிடைக்கிறது. எனக்கு அதில் கூடுதல் மகிழ்ச்சி, ஒரே நிகழ்ச்சியில் ஈழத்தமிழும் நம் தமிழும் அடுத்தடுத்து ஒலிப்பது. பிபிசி தமிழோசை 1941-இல் தொடங்கிப் பல தலைமுறைகளுக்கு அந்த அனுபவத்தைத் தந்தது. வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி நின்ற பிறகு, அந்தக் குறையை எனக்கு ஓரளவு தீர்த்தது எஸ்பிஎஸ்தான்.

ஆங்கிலம் கேட்டுப் பழக வேண்டும் என்று நினைக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு வரலாற்றிலிருந்து தொடங்கச் சொல்வேன். வில்லியம் டால்ரிம்பிளும் அனிதா ஆனந்தும் நடத்தும் 'எம்பயர்' 2022-இல் தொடங்கியது. அதன் முதல் தொடரே கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றியது. திண்டுக்கல்காரர் அதைக் கேட்கும்போது தன் ஊர் மலைக்கோட்டையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மைசூர் அரசின் படைத்தலைவராக இருந்த ஹைதர் அலி 1755 வாக்கில் பௌஜ்தாராக (ராணுவ நிர்வாகியாக) அனுப்பப்பட்டது இந்த ஊருக்குத்தான். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு தன் பீரங்கிப் படையை அவர் வளர்த்ததும் இங்கிருந்துதான். 1790-இல் கோட்டை கம்பெனி கைக்குப் போனது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் இந்தச் சீமையையே விட்டுக்கொடுக்க நேர்ந்தது. தொலைவில் எங்கோ பதிவான ஓர் உரையாடலைக் கேட்டுக்கொண்டே, அதன் ஒரு முனை நம் மலைக்கோட்டைப் பாறையில் முடிவதை உணர்வது வரலாற்றுப் பாடப்புத்தகம் தராத அனுபவம்.

அடுத்தது பிபிசியின் 'இன் அவர் டைம்'. 1998 முதல் 2025 வரை மெல்வின் பிராக் நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள். பெரும்பாலும் மூன்று பேராசிரியர்கள், ஒரே பொருள், முக்கால் மணி நேரம். பின்னணி இசை கிடையாது. ஆங்கிலம் முதலில் கடினமாக இருக்கும். செயலியில் வேகத்தைச் சற்றுக் குறைத்துக் கேட்டால் பத்து நாளில் காது பழகிவிடும். அமித் வர்மாவின் 'தி சீன் அண்ட் தி அன்சீன்' இதற்கு நேர் எதிர். 2017-இல் சிறிய நிகழ்ச்சியாகத் தொடங்கி, இப்போது ஒரே உரையாடல் மூன்று நான்கு மணி நேரம் போகிறது. ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை. விட்ட இடத்தைச் செயலி நினைவில் வைத்திருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு, இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாகல் நகர் வீடுகளுக்குள் பேசப்படும் சௌராஷ்டிர மொழி இதில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 2.47 லட்சம் பேர். மதுரை, திண்டுக்கல், பரமக்குடி, சேலம், கும்பகோணம் என்று பரவியிருப்பவர்கள். தனி எழுத்து உண்டு, ஆனால் வீட்டில் பேசுகிற பலர் அதைப் படிப்பதில்லை. பள்ளி, கடை, செய்தித்தாள் எல்லாம் தமிழில். பெரும்பாலும் வாயாலும் காதாலும் உயிரோடிருக்கிற இந்த மொழிக்குப் பாட்காஸ்டைப் போலப் பொருத்தமான ஊடகம் வேறு இல்லை. எழுதத் தெரிய வேண்டாம், அச்சகம் வேண்டாம், நிலைய அனுமதி வேண்டாம். சேலத்திலிருப்பவரும் பரமக்குடியிலிருப்பவரும் ஒரே நாளில் கேட்கலாம். பாவு போடும் முறை, சாயம் ஏற்றும் பக்குவம், கல்யாணச் சடங்கு, பாட்டி சொன்ன கதை என்று பேசுவதற்குப் பஞ்சமே இல்லை. அடுத்த ஆண்டுப் பட்டியலில் முதல் பெயராக எழுத நான் ஆசைப்படுவது இப்படியொரு நிகழ்ச்சியைத்தான்.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சாதாரணக் கைபேசியே போதும். வெறும் சுவர் உள்ள கூடத்தில் பதிவு செய்யாதீர்கள், எதிரொலி வரும். சேலைக்கட்டு அடுக்கிய அறையோ, துணி தொங்கும் அறையோ மிக நல்லது. துணி எதிரொலியைக் குடித்துவிடும். கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேரெதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பேசுபவர் பெரியவராக இருந்தால் இடையில் புகுந்து பேச்சைத் திருத்த வேண்டாம், அவர் தயங்கும் இடமும் பதிவாகட்டும். அவருடைய சம்மதத்தையும் அவர் குரலிலேயே முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். அரை மணி நேரப் பேச்சு 15 எம்பிக்குள் அடங்கும், வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம். இலவசமாக ஏற்றிவைக்கும் தளங்கள் உண்டு. ஒருமுறை ஏற்றிவிட்டால் ஆன்டெனாபாட் உட்பட எந்தச் செயலியிலும் அதைக் கேட்க வழி உண்டு. மாதம் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டு முடிவில் பன்னிரண்டு பகுதிகள் கையில் இருக்கும்.