படிக்கட்டும் படுகுழியும்



பொழுது புலருமுன் ஓசூர்ச் சாலையிலே நின்று பாருங்கள். சூளகிரியிலிருந்தும் கெலமங்கலத்திலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆலைப் பேருந்துகள் விரைகின்றன. நேற்று ராகிக் கொல்லையிலே களையெடுத்த கரங்கள், இன்று கைபேசியின் உறுப்புகளைக் கோக்கின்றன. மகிழத்தக்க மாறுதல்! எனினும் அப் பேருந்தில் ஏறத் தயங்கும் தாயொருத்தி கேட்கிறாள்: "வேலைக்குப் போனால், மாதாமாதம் வரும் ஆயிரம் நின்றுவிடுமா?"

ஏளனத்துக்குரிய கேள்வியன்று அது, ஏழையின் பொருளாதாரம்.

2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைத் திட்டம், மாதம் 1,000 ரூபாய் வழங்கிற்று. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2,50,000 ரூபாயைத் தாண்டலாகாது என்று அன்றே கோடு கிழிக்கப்பட்டது. கணக்கிடுங்கள்! கணவன் மாதம் 12,000, மனைவி 8,000, ஆண்டுக்கு 2,40,000. கோட்டுக்குள்ளே குடும்பம். மனைவியின் ஊதியம் மாதம் ஆயிரம் உயர்கிறது, ஆண்டுக்கு 2,52,000. கூடியது 12,000, பறிபோவதும் 12,000! உழைத்துப் பெற்ற உயர்வுக்கு நூற்றுக்கு நூறு வரி!

போதாதென்று, அரையாண்டு வருமானம் 21,000-ஐக் கடந்தால் உள்ளாட்சி மன்றம் தொழில் வரி கேட்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டாலோ, மாத ஊதியம் 25,000-ஐ எட்டும்வரை அவ்வரியில்லை என்று கருநாடகம் 2023-இலேயே விலக்களித்தது. எல்லைக் கல்லுக்கு அப்பால் ஒரு நீதி. இப்பால் ஒரு நீதி!

மேல்மாடியிலே என்ன காண்கிறோம்? 2025-26ஆம் நிதியாண்டின் புதிய வரிமுறையிலே 12 லட்சம் வரை வருமான வரி இல்லை. 12,10,000 ஈட்டுபவருக்கு விகிதப்படி 61,500 வரவேண்டும். ஆயினும், மிகுந்த பத்தாயிரத்துக்கு மேல் வரி கேட்பது அநீதி என்று சட்டமே தடுத்து, பத்தாயிரத்தோடு நிறுத்துகிறது. மேல்வரி மட்டுமே தனி. மாடியிலிருப்போர் இறங்கப் படிக்கட்டு. குடிசையிலிருப்போர் ஏறும் வழியிலே படுகுழி!

வரம்பே கூடாதா என்பர். வேண்டும், ஆனால் வரம்பு வெட்டரிவாளாக இருத்தலாகாது. கோட்டைத் தாண்டிய ஒவ்வோர் இரண்டு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் குறையட்டும். விலைவாசி ஏறுந்தோறும் கோடும் ஏறட்டும்.

அதுவரை, தோழர்களே, வீடுதோறும் விளக்குங்கள். தொழில் வரி பிடித்தார்கள் என்பதனாலேயே தகுதி போய்விடாது. 2023-இன் விதி, ஆண்டு வருமானம் 2,50,000-க்கு மேலும் ஈட்டி அவ்வரி செலுத்துவோரையே விலக்கிற்று. ஊதியத்தில் வருமான வரி பிடிக்கப்பட்டிருந்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். தாக்கல் செய்வது வேறு. வரி செலுத்துவது வேறு. ஊதியச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

அச்சத்தால் அடுப்படியிலே ஒருத்தியும் அடைந்து கிடத்தலாகாது. உதவி என்பது ஊன்றுகோல். எழுந்து நடப்பவளின் காலிலே அது இடறலாகாது!

பேருந்து புறப்படுகிறது. அவள் ஏறட்டும்!