ரிப்பேர் முடிந்தது, கணக்கு முடியவில்லை

இடித்தவருடைய இன்சூரன்ஸ் ரிப்பேருக்குப் பணம் கட்டிவிட்டால் விஷயம் முடிஞ்சுதுன்னு நம்மில் பலர் நினைக்கிறோம். கார் எவ்வளவு நன்றாகச் சரியாகி வந்தாலும், கார்ஃபாக்ஸ் அறிக்கையில் அந்த விபத்து பெரும்பாலும் ஒரு வரியாக உட்கார்ந்துவிடும். விற்கப் போகும்போது அந்த ஒரு வரிக்காக ஆயிரக்கணக்கில் குறைத்துக் கேட்பார்கள். இந்த நஷ்டத்துக்கு இங்கே 'டிமினிஷ்டு வேல்யூ' என்று பெயர். நாங்கள் இருக்கும் ஜார்ஜியாவில் இதைக் கேட்டு வாங்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

போன வருஷம் ஜிஏ 400-ல் நெரிசலில் நின்றிருந்த எங்கள் சிஆர்வியைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்தார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. தவறு அவர் மேல்தான் என்று போலீஸ் ரிப்போர்ட் சொன்னது. இன்சூரன்ஸ்காரர்கள் போட்டோவை வைத்துப் போட்ட முதல் எஸ்டிமேட் 6,200 டாலர். பாடி ஷாப்பில் பம்பரைக் கழற்றியதும் உள்ளே வளைந்திருந்தது தெரிந்தது. 'சப்ளிமெண்ட்' எழுதி அனுப்பி, கடைசியில் 9,400 ஆனது. எந்த ஷாப்புக்குப் போவது என்பது நம் உரிமை. எது கம்பெனி பாகம், எது மாற்றுப் பாகம் என்று எஸ்டிமேட்டை வரிவரியாகப் பாருங்கள்.

அடுத்து மதிப்பு விஷயம். "விடும்மா, கார் நல்லாத்தானே ஓடுது" என்றார் வீட்டுக்காரர். மகள் காலேஜ் போகும்போது இதைக் கொடுத்துவிட்டு வேறு கார் எடுப்பதாக இருந்தோம். எனக்கு விட மனசு வரவில்லை. எழுதிக் கேட்டதும் 1,120 டாலர் தருவதாகப் பதில் வந்தது.

அந்தத் தொகை எப்படி வந்தது தெரியுமா? '17சி' என்று ஒரு சூத்திரம். விபத்துக்கு முன் காரின் மதிப்பு 28,000. அதில் 10 சதவீதம்தான் உச்சவரம்பு: 2,800. சேதம் நடுத்தரம் என்று 0.5 ஆல் பெருக்கினால் 1,400. ஓடியது 31,000 மைல், அதற்கு 0.8. ஆக 1,120. ஒரு லட்சம் மைல் தாண்டிய கார் என்றால் இந்தச் சூத்திரத்தில் பூஜ்யம்தான்!

ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 2001-ல் மேப்ரி வழக்கில், நம் சொந்த இன்சூரன்ஸ்கூட இந்த மதிப்பிழப்பைக் கணக்கிட்டுத் தரவேண்டும் என்றது. அந்த வழக்கையொட்டி வந்ததுதான் 17சி. ஆனால் அது சட்டம் இல்லை. எந்தச் சூத்திரத்தையும் தாங்கள் அங்கீகரிக்கவில்லை என்று மாநில இன்சூரன்ஸ் கமிஷனர் அலுவலகமே 2008-ல் தெளிவுபடுத்தியது.

அதனால் நான் மூன்று காரியம் செய்தேன். 350 டாலர் கொடுத்துத் தனி மதிப்பீட்டாளரிடம் ரிப்போர்ட் வாங்கினேன். அவர் கணக்கு 3,600. இரண்டு டீலர்களிடம், விபத்து இல்லாவிட்டால் என்ன விலை, இருந்தால் என்ன விலை என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். எல்லாவற்றையும் சேர்த்து, ஜார்ஜியா சட்டம் 33-4-7 பிரிவின்படி 60 நாள் கெடு வைத்து, சர்டிஃபைட் மெயிலில் அனுப்பினேன். கெட்ட எண்ணத்தோடு மறுத்ததாகக் கோர்ட்டில் நிரூபணமானால், நஷ்டத்தில் பாதி அல்லது 5,000 டாலர், எது அதிகமோ அதை அபராதமாகக் கட்டவேண்டி வரும். வக்கீல் செலவு தனி.

ஐந்தாவது வாரம் அட்ஜஸ்டர் போன் செய்தார். "எங்க சிஸ்டம் இவ்வளவுதான் காட்டுது மேடம்" என்று ஆரம்பித்தார். "டீலர் கொடுத்த விலையில எது தப்புன்னு எழுதி அனுப்புங்க" என்றேன். இரண்டு நாளில் 2,950 என்றார்கள். மதிப்பீட்டாளர் கூலி போக 2,600 நின்றது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லைதான். கோர்ட்டுக்கு அலைவதைவிட மேல் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒத்து வராவிட்டால், 15,000 டாலர் வரை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். வழக்கு இன்சூரன்ஸ் மேல் அல்ல, இடித்தவர் மேல். காருக்கான நஷ்டத்துக்குக் காலக்கெடு நான்கு வருஷம். பழைய விபத்து இருந்தால் இப்போதே தேதியைப் பாருங்கள்.

செக்கோடு வரும் 'ரிலீஸ்' பேப்பரைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது என்று அதில் இருந்தால், பிறகு கழுத்துவலி வந்தால்கூடக் கேட்க முடியாது. சொந்த இன்சூரன்ஸிடமே மதிப்பிழப்பைக் கேட்பது பெரும்பாலான மாநிலங்களில் நடக்காது. இடித்தவர் பக்கம்தான் கேட்கவேண்டும். உங்கள் மாநில விதியை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.